காரத்தொழுவிலிருந்து கிளம்பிய வேதாளம்

ஓசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில், கர்நாடக எல்லையைத் தொடுவதற்குக் கொஞ்ச தூரம் முன்னால் இருக்கிறது பாகலூர். ரோஜாத் தோட்டங்களும், சிப்காட்டுக்கு ஷிப்டு போகிறவர்களின் வண்டிகளுமாக இருக்கும் ஊர். ஒரே தெருவில் மூன்று மொழி கேட்கும். பெண்ணுக்கு வரன் தேடி ஏழாவது தடவையாகப் பஸ் ஏறும் பெரியவரைத் தெலுங்கு வீட்டில் ‘பட்டு வதலனி விக்ரமார்க்குடு’ என்பார்கள். பிடித்த பிடியை விடாத விக்கிரமாதித்தன் என்று அர்த்தம். கன்னட வீட்டில் அதே ஆள் ‘சல பிடத திரிவிக்ரம’. தமிழ் வீட்டில் மட்டும் ராஜாவை விட்டுவிட்டுப் பேயைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு மாதம் ஒழுங்காக இருந்தவன் மறுபடி சீட்டாட உட்கார்ந்தால், ‘வேதாளம் திரும்பவும் முருங்கை மரம் ஏறிடுச்சு.’

மூன்று பேச்சும் ஒரே கதையின் பிள்ளைகள். அது மட்டுமா? இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் மூன்று வீட்டுக்காரர் கண்ணிலும் எழுகிற காட்சியும் ஒன்றேதான். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் இருந்தது. அதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொண்டதில்லை, 2020 செப்டம்பர் மாதத்தின் கடைசி வாரம் வரைக்கும்.

கதை மிகப் பழையது. 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் என்ற பண்டிதர், அரசி சூரியமதியின் மனம் மகிழ்வதற்காகக் கதாசரித்சாகரம் என்ற கதைக்கடலை வடமொழியில் இயற்றினார். குணாட்டியரின் பிருகத்கதை அதற்கு மூலம். அந்தக் கடலுக்குள் ஒரு தனித் தீவு போல இருந்தது வேதாளம் சொன்ன இருபத்தைந்து. கோதாவரிக் கரையில் ஆண்ட திரிவிக்கிரமசேனன் என்ற ராஜாவிடம் ஒரு சந்நியாசி தினமும் ஒரு பழம் கொடுத்து வந்தான். ஒரு நாள் பழம் உடைந்து, உள்ளிருந்து ரத்தினம் உருண்டது. இத்தனை ரத்தினத்துக்கும் கைம்மாறாக அவன் கேட்டது ஒரே உதவி. நள்ளிரவில் சுடுகாட்டுக்கு வரவேண்டும். மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் சுமந்து வரவேண்டும். வழியில் வாய் திறக்கக் கூடாது. ராஜா பிணத்தை இறக்கித் தோளில் போட்டான். பிணம் சிரித்தது.

அதற்குள் இருந்த வேதாளம் வழிநடைக்குக் கதை சொன்னது. கதை முடிவில் ஒரு கேள்வி. விடை தெரிந்தும் சொல்லாமலிருந்தால் ராஜாவின் தலை வெடித்துச் சிதறும். சொன்னால் மௌனம் கலையும்; பிணம் பறந்து மரத்துக்கே போய்விடும். ராஜா திரும்பத் திரும்ப விடை சொன்னான், திரும்பத் திரும்ப மரம் ஏறினான். கடைசியில் ஒரு புதிர் வந்தது. ஓர் அப்பாவும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். பெரிய தடம் அப்பாவுக்கு, சின்னத் தடம் மகனுக்கு என்று பேசி முடிக்கிறார்கள். தேடிப் போய்ப் பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சின்னப் பாதம் தாயுடையது. சொன்ன சொல் மாறாமல் கல்யாணம் நடந்தது. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? ராஜாவுக்குத் தெரியவில்லை. முதல்முறையாகப் பேசாமல் நடந்தான். இந்தக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த முடிச்சு இது. அத்தனை புதிரை அவிழ்த்த அறிவாளி, தெரியாது என்று மௌனமாக இருந்த இடத்தில்தான் ஜெயித்தான். வேதாளம் அவனிடம் சந்நியாசியின் சதியைச் சொல்லிக் காப்பாற்றியது. கதை அங்கே முடிந்தது. முடிந்ததாகத்தான் சோமதேவர் நினைத்தார்.

தெற்கே வந்தபோது ராஜாவின் பெயர் மாறியது. கன்னடம் திரிவிக்ரமனை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டது. தெலுங்கில் விக்ரமார்க்கன், தமிழில் விக்கிரமாதித்தன். சம்ஸ்கிருதத்தில் சிம்சபா என்றிருந்த மரம் தமிழில் முருங்கையாகிவிட்டது. எளிதில் ஒடியும் மரம், ஏறினால் பேய் பிடிக்கும் என்று பிள்ளைகளை மிரட்டி வைத்திருந்த கொல்லைப்புறத்து மரத்துக்கே வேதாளம் குடிவந்தது. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை சந்தையிலும் திருவிழாவிலும் விற்றது. காடாறு மாதம் நாடாறு மாதம் என்று திண்ணைகளில் அதை உரக்கப் படித்தார்கள். ஆனால் அந்த ராஜா எப்படி இருப்பான்? ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு முகம். எல்லோருக்கும் பொதுவான முகத்தை வரையப்போகும் கை அன்றைக்கு இன்னும் பிறக்கவே இல்லை.

1924 ஜூலை 19-ஆம் தேதி, அன்றைய கோயம்புத்தூர் ஜில்லாவில் தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவு கிராமத்தில் பிறந்தார் சிவசங்கரன். வாத்தியார் குடும்பம். பத்து வயதில் அம்மாவோடு சென்னைக்கு வந்து சேர்ந்தார். கொங்குநாட்டுப் பையனுக்குப் பட்டணத்துப் பள்ளியில் கை கொடுத்தது சித்திரம். முத்தியால்பேட்டைப் பள்ளியின் டிராயிங் மாஸ்டர் அவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொல்வார். மற்ற மாணவர்கள் அரைகுறையாக விட்டுவைத்த படங்களை இவரிடம் நீட்டுவார். இவர் முடித்துக் கொடுப்பார். யாரோ தொடங்கிய கோட்டைப் பிடித்துக்கொண்டு, தொடங்கியவன் நினைத்தபடியே முடிக்கும் வித்தை ஒரு பள்ளிப் பையனுக்கு ஞாயிறு ஞாயிறாகப் படிந்தது. பின்னால் அதுவே வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலையாக ஆனது.

பள்ளிப் படிப்பு முடிந்தது. நன்றாகப் படிக்கிற பையன் அடுத்து பி.ஏ. படிப்பான், எம்.ஏ. படிப்பான், ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பான். வாத்தியார் குடும்பத்தில் வேறு எதை எதிர்பார்ப்பார்கள்? குறுக்கே வந்தவர் அந்த டிராயிங் மாஸ்டர். இந்தக் கையை பி.ஏ.வில் வீணாக்காதே, எழும்பூர் ஓவியப் பள்ளிக்குப் போ என்றார். அந்த ஒரு பேச்சு அன்று நடக்காமல் போயிருந்தால் சிவசங்கரன் ஒரு நல்ல குமாஸ்தாவாக ஓய்வு பெற்றிருப்பார். விக்கிரமன் முகமில்லாமலே நின்றிருப்பான்.

அரசு ஓவியப் பள்ளியில் அப்போது முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையைப் பின்னாளில் வடித்தவர் அவரே. உடம்பின் எடை எங்கே இறங்குகிறது, பளு தூக்குகிறவனின் இடுப்பு எப்படி வளைகிறது, தசை எங்கே முறுக்குகிறது என்பதெல்லாம் அந்த மனிதரின் சிலைகளில் பாடமாகவே நிற்கும். அவர் தலைமையில் நடந்த பள்ளியில் தேறி, 1946-இல் வெளியே வந்தார் சிவசங்கரன். எடை சுமக்கும் ஓர் உடம்பை வரையும் வேலை வடபழனியில் அவருக்காகக் காத்திருந்தது. ஆனால் அதற்கு முன்னால் மயிலாப்பூர் வந்தது.

1932-இல் தொடங்கிய கலைமகள், கி.வா. ஜகந்நாதன் ஆசிரியராக இருந்த கௌரவமான இலக்கிய மாத இதழ். அங்கே 85 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். கதைகளுக்குப் படம் போட்டார். நல்ல இடம், மரியாதையான வேலை. அங்கேயே இருந்திருந்தால் தமிழ் வாசகர்கள் மட்டும் அறிந்த ஓவியராக நிறைந்திருப்பார். ஆனால் நகரத்தின் இன்னொரு பக்கத்தில் இரண்டு தெலுங்கர்கள் சேர்ந்து ஒரு துணிச்சலான காரியத்தில் இறங்கியிருந்தார்கள்.

அந்த இருவரில் ஒருவர் தெனாலியைச் சேர்ந்த சக்ரபாணி. காசநோய் வந்து மதனப்பள்ளி சானடோரியத்தில் கிடந்தவர். நோயாளிப் படுக்கையில் கிடந்தபடியே வங்க மொழி கற்றார். சரத்சந்திரரின் நாவல்களைத் தெலுங்குக்குக் கொண்டுவந்தார். அச்சு வேலைக்காகச் சென்னைக்கு வந்த இடத்தில், பி.என்.கே. பிரஸ் நடத்திய நாகி ரெட்டியின் நட்பு கிடைத்தது. நாகி ரெட்டிக்கு எந்திரமும் நிர்வாகமும் அத்துப்படி, சக்ரபாணிக்குக் கதை. பாதாள பைரவி, மிஸ்ஸியம்மா, மாயா பஜார் என்று சினிமாவையே ஆண்ட ஜோடி பிறகு இது. ஆனால் அந்த சினிமாக்கள் வருவதற்கு முன்பே, 1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, குழந்தைகளுக்கு ஒரு பத்திரிகை கொண்டுவந்தார்கள். தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா.

இரண்டே ஆண்டில் கன்னடமும் இந்தியும் சேர்ந்தன. மராத்தி, மலையாளம், குஜராத்தி, ஒரியா, ஆங்கிலம் என்று வரிசை நீண்டது. பிற்பாடு சிங்களமும் சந்தாலியும்கூட வந்தன. கதை முதலில் தெலுங்கில் எழுதப்படும். அங்கிருந்து மற்ற மொழிகளுக்குப் போகும். படம் மட்டும் எங்கேயும் மாறாது. ஒரே படம், சுற்றிலும் ஓடும் எழுத்து மட்டும் வேறு. இந்த ஏற்பாடு வரைகிறவனுக்கு எவ்வளவு பெரிய சோதனை என்பதை யோசித்தால் மலைப்பு வரும். படத்தில் ஒரு கடை வந்தால் அதன் பெயர்ப்பலகையில் எந்த மொழியில் எழுதுவது? ராணியின் சேலை தஞ்சாவூர்க் கட்டா, மராத்திக் கட்டா? ஆந்திரக் குழந்தையும் வங்கக் குழந்தையும் ஒரே படத்தைப் பார்த்து, இது நம்ம ஊர் ராஜா என்று நம்பவேண்டும். அப்படி வரையத் தெரிந்த கைகளைத் தேடிக்கொண்டிருந்தது வடபழனியில் இருந்த அம்புலிமாமா ஆபீஸ்.

1950களின் தொடக்கத்தில் கலைமகளைவிட நல்ல சம்பளத்துக்கு அந்த வாசலில் நுழைந்தார் சிவசங்கரன். பத்திரிகையில் அவர் பெயர் சங்கர். கர்நாடகத்துக்காரரான எம்.டி.வி. ஆச்சார்யாவின் அட்டைப்படங்கள் முன்பே புகழ்பெற்றிருந்தன. சித்ரா என்ற பெயரில் வரைந்த ராகவன் தொடர்கதைகளைத் தாங்கிக்கொண்டிருந்தார். வ.பா. என்று சுருக்கமாகக் கையெழுத்திடும் வட்டாதி பாப்பய்யாவின் வண்ணங்கள் இன்னொரு பக்கம். இவ்வளவு பெரிய கைகளுக்கு நடுவில், புதிதாக வந்த ஒருவருக்கு என்ன மிச்சம் இருக்கும்?

மிச்சம் இருந்தது ஒரு பிணம்.

அதைச் சொல்வதற்கு முன் ஆசிரியரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1952-இல் பொறுப்புக்கு வந்த கொடவட்டிகண்டி குடும்பராவ் தெலுங்கின் பெரிய எழுத்தாளர், பழுத்த பகுத்தறிவாளர். பின்னாளில் புரட்சி எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பூதம், ராட்சசன், மந்திரவாதி, சாபம், வரம் என்று மாதம் தவறாமல் லட்சக்கணக்கான கனவுகளில் பேய் உலவவிட்ட பத்திரிகையை, பேயை நம்பாத ஒரு மனிதர் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் நடத்தினார். அவருக்கு வேதாளக் கதையில் பேய் முக்கியமில்லை. கடைசியில் வரும் கேள்விதான் முக்கியம். யார் செய்தது நியாயம்? யாருடைய தியாகம் பெரியது? ஏன்? விடையை மனப்பாடம் செய்ய முடியாது, யோசித்தே ஆகவேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தர்க்கம் பழக்குவதற்கு இதைவிட நல்ல வழி ஏது? 1950களின் நடுவில் வேதாளம் அம்புலிமாமாவில் மரம் ஏறியது.

வந்ததும் ஒரு சங்கடம் முளைத்தது. மூலக் கதைகள் இருபத்தைந்துதான். மாதம் ஒன்றென்றால் இரண்டு ஆண்டில் தீர்ந்துவிடும். தீர்ந்தும் போயின. வாசகர்களோ வேதாளத்தை விடுவதாக இல்லை. அப்போது பத்திரிகை ஒரு முடிவெடுத்தது. சோமதேவர் முடித்து வைத்ததை இவர்கள் முடிக்க மறுத்தார்கள். தொடக்கமும் முடிவும் பழையபடியே இருக்கட்டும். நடுவில் புதுக் கதை, புதுக் கேள்வி. விக்கிரமன் விடை சொல்வான், வேதாளம் பறந்துவிடும், அடுத்த மாதம் அவன் மறுபடி மரம் ஏறுவான். ராஜா ஜெயிக்கவே கூடாது என்று ஏற்பாடாகிவிட்டது. இப்படி ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடியும் கதைக்கு, ஒரே மாதிரி ஒரு படம் தேவைப்பட்டது. பார்த்த மாத்திரத்தில் இது அந்தக் கதை என்று தெரியவேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் தெரியவேண்டும்.

வேலை லேசானதல்ல. நள்ளிரவுச் சுடுகாடும் செத்த உடம்பும் குழந்தைகள் பத்திரிகைக்கான சரக்கே இல்லை. அப்படியே வரைந்தால் பிள்ளை அலறும், அம்மா பத்திரிகையைத் தூக்கி எறிவாள். பயங்கரத்தைக் குறைத்தாலோ ராஜாவின் தைரியத்துக்கு மதிப்பில்லை. தொடர் காலப்போக்கில் சங்கரின் கைக்கு வந்து சேர்ந்தது; 1960களில் அவர் தீட்டிய உருவம் நிலைத்து நின்றது.

அதை நிறுத்திப் பார்த்தால்தான் அவர் செய்தது புரியும். ஒரு கையில் உருவிய வாள். தோளில் துவண்டு தொங்கும் பிணம். காலடியில் மண்டையோடுகள், எலும்புகள், நெளியும் பாம்பு. பின்னால் முறுக்கிக்கொண்டு நிற்கும் மரம், இருட்டில் பேய் உருவங்கள். பயப்படுத்தக்கூடியதை எல்லாம் ராஜாவைச் சுற்றிக் குவித்தார். ராஜாவின் உடம்பிலோ ஒரு துளி பயம் வைக்கவில்லை. எடை தோளில் இறங்குகிறது. அதைத் தாங்கியபடி கால் அடுத்த அடியை எடுத்து வைக்கிறது. பிள்ளையின் கண் முதலில் மண்டையோட்டில் விழும், பாம்பில் விழும், மிரளும், அப்புறம் ராஜாவிடம் வந்து ஒண்டிக்கொள்ளும். ராய் சௌத்ரியின் பள்ளியில் படித்த எடையும் தசையும் இங்கே வேலை செய்தன என்றே நான் நினைக்கிறேன். ராஜா நிற்கவில்லை, ஓடவில்லை, நடந்துகொண்டிருந்தான். எங்கே போகிறான் என்று படத்தில் தெரியாது.

அதனால்தான் அடுத்த மாதமும் அந்தப் படம் பொருந்தியது. அதற்கடுத்த மாதமும் பொருந்தியது. கதை முடியும் பக்கத்தில் வேதாளம் ஆகாயத்தில் பறக்க, வாளோடு ராஜா பின்தொடரும் படம் வரும். மொத்தத் தொடரும் இந்த இரண்டு படங்களுக்கு நடுவே சுழன்றது. ஆசிரியர் அறையில் கதைகள் மாறின, எழுதியவர்கள் மாறினார்கள், படித்த பிள்ளைகள் பெரியவர்களாகித் தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் க்ளிப்பில் தொங்கிய மூன்று மொழிப் புத்தகத்தையும் எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் தங்கள் வீட்டுக்கு வாங்கி வந்தார்கள். எழுத்து தெரியாத மொழிப் புத்தகம் பக்கத்து வீட்டில் கிடைத்தால்கூடப் பிரச்சினை இல்லை. பக்கத்தைத் திருப்பி, பிணம் சுமக்கும் ராஜாவைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். வருஷம் முடிந்ததும் பன்னிரண்டு இதழையும் காலிகோ முதுகு ஒட்டி பைண்டு செய்து வைக்கும் வழக்கம் எத்தனையோ வீடுகளில் இருந்தது. அந்த பைண்டு வால்யூமை எங்கே திறந்தாலும் எட்டுப் பத்துப் பக்கம் தள்ளினால் சுடுகாடு வரும். இந்தச் சுடுகாடு நிரந்தரம் என்று எல்லோரும் நம்பிய சமயத்தில் அடி விழத் தொடங்கியது.

1975-இல் சக்ரபாணி மறைந்தார். 1980-இல் குடும்பராவ் போனார். தோள் கொடுத்த பெரிய தலைகள் இரண்டும் சாய்ந்த பிறகும் பத்திரிகை நடந்தது. 1985-இல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் விக்ரம் அவுர் பேதாள் தொடர் வந்து, வட இந்தியா முழுவதும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வேதாளத்தோடு உட்கார்ந்தது. அதில் விக்கிரமனாக நடித்த அருண் கோவில்தான் இரண்டு ஆண்டு கழித்து ராமனாக வந்தார். ஆனால் டெலிவிஷனும் காமிக்ஸும் வீட்டுக்குள் புகுந்த காலத்தில் மாதப் பத்திரிகைக்குக் காத்திருக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை குறைந்தது. 1998-இல் தொழிலாளர் தகராறில் அச்சே நின்றது.

விக்கிரமன் முதல்முறையாக நடக்காமல் நின்றான். ஓராண்டுக்கு மேல் நின்றான். 1999 இறுதியில் புதிய முதலீட்டோடு இதழ் மறுபடி வந்தது. அப்போது சங்கருக்கு 75 வயது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார வேண்டிய வயதில் மறுபடி தூரிகையை எடுத்தார். 2007-இல் பத்திரிகை மும்பைக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. ஆபீஸ் மாறியது, கம்ப்யூட்டர் வந்தது, அட்டை மாறியது. ராஜா மட்டும் அதே நடை நடந்தான். 2012-ஐ ஒட்டி, கடைசியாக, எல்லா மொழியிலும் இதழ் நின்றுபோனது. ஏறக்குறைய அறுபது ஆண்டு ஒரே பத்திரிகைக்கு வரைந்த மனிதருக்கு 88 வயது. அதோடு கையை மடக்கிக்கொண்டாரா?

இல்லை. ராமகிருஷ்ண விஜயம் பத்திரிகைக்குப் படம் வரைந்தார். தொண்ணூறைக் கடந்த கை. தொட்டெழுதும் பேனா, தூரிகை, கறுப்பு மை. ஒரு கோபுரத்தையோ சிற்பத்தையோ ஒருமுறை பார்த்தால் மனதில் தங்கிவிடும் என்பது அவருக்கு வாய்த்த வரம். அந்த வரத்தை வைத்துக்கொண்டு சென்னையில் சத்தமில்லாமல் வாழ்ந்தார். தெருவில் அவரைக் கடந்து போனவர்களில் எத்தனை பேர், சின்ன வயதில் போர்வைக்குள் அவர் படத்தைப் பார்த்து மிரண்டவர்களாக இருந்திருப்பார்கள்! அவர்களில் யாருக்கும் இவர்தான் அவர் என்று தெரிய வழியில்லை. பிறகு 2020 வந்தது.

கொரோனா காலம். எல்லைச் சாலைகளில் தடுப்பு. பாகலூர்க்காரர்களுக்கு கர்நாடகப் பக்கத்து உறவு வீட்டுக்குப் போவதும் வருவதும் பெரும்பாடாக இருந்த மாதங்கள். செப்டம்பர் 25-ஆம் தேதி எஸ்.பி. பாலசுப்ரமணியம் போய்விட்டார். தெலுங்கு வீடு, கன்னட வீடு, தமிழ் வீடு மூன்றும் ஒரே நாளில் அழுதன. அந்த அழுகை ஓயவில்லை, நான்கே நாளில் செப்டம்பர் 29-ஆம் தேதி இன்னொரு செய்தி வந்தது. சென்னையில் கே.சி. சிவசங்கரன் காலமானார், வயது 96.

பெயரைப் படித்தவர்களுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. யார் இவர்? சினிமாக்காரரா, அரசியல்வாதியா? செய்தியின் கீழே ஒரு படம் இருந்தது. வாள், தோளில் பிணம், மண்டையோடு, பாம்பு.

அந்த ஒரு கணத்தில் எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது. அதை ஒரு மனிதர் வரைந்தார் என்பதே பலருக்கு அன்றுதான் உறைத்தது. மரமும் மலையும் போல அது எப்போதும் இருந்த ஒன்று என்று நினைத்திருந்தார்கள். எங்கள் ஊர் வாட்ஸ்அப்பில் அன்று மாலைக்குள் அதே படம் மூன்று வரிவடிவ அஞ்சலிகளோடு வந்து சேர்ந்தது. தெலுங்குக் குழுவில் வந்ததை ஒருவர் தமிழ்க் குழுவுக்கு அனுப்ப, தமிழ்க் குழுவில் வந்தது மாலூருக்குப் போக, ஆள் கடக்கச் சிரமப்பட்ட எல்லையை ராஜா பிணத்தைச் சுமந்தபடி இரண்டு பக்கமும் கடந்தான். இந்தியில் வந்தது, ஒரியாவில் வந்தது. எங்கள் அம்புலிமாமா, மா சந்தமாமா, நம்ம சந்தமாமா என்று ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். பைண்டு வால்யூமைப் பரணிலிருந்து இறக்கிப் படம் பிடித்துப் போட்டவர்களும் உண்டு. பக்கம் பழுப்பேறி ஓரம் பூச்சி அரித்திருந்தது. படத்தின் கறுப்புக் கோடு மட்டும் அடித்த அன்று போலவே அழுத்தமாக இருந்தது.

அவர் தமிழர் என்பது கன்னடக்காரர்களுக்கும் தெலுங்கர்களுக்கும் புதுச் செய்தி. இங்கே தமிழ் வீடுகளிலும் அது புதுச் செய்திதான் என்பதைச் சொல்லியாக வேண்டும். கொங்குநாட்டுக் காரத்தொழுவில் பிறந்த ஒருவர், தெலுங்கில் பிறந்த ஒரு பத்திரிகைக்காக, காஷ்மீரத்தில் எழுதப்பட்ட ஒரு ராஜாவுக்கு முகம் கொடுத்து, அந்த முகத்தைப் பத்துக்கு மேற்பட்ட மொழிகளின் வீடுகளுக்குள் அனுப்பி வைத்தார். தமிழ்நாட்டில் பிறந்த வேறு எந்த ஓவியரின் படமும் இத்தனை மொழிப் பிள்ளைகளின் கண்ணுக்குள் போனதில்லை என்பது என் தீர்மானம். 2021 ஜனவரியில் பத்மஸ்ரீ பட்டியல் வந்தபோது தமிழ்நாட்டு வரிசையில் சாலமன் பாப்பையா, விவசாயி பாப்பம்மாள் பெயர்களோடு கே.சி. சிவசங்கரின் பெயரும் இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், மறைவுக்குப் பின் என்று போட்டிருந்தார்கள்.